ட்ரூபல் மதிப்புரை: புலத்திலிருந்து தொடங்கும் தளம்

வலைத்தளங்களை உருவாக்கி நடத்த உதவும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பான ட்ரூபலை நிறுவி முடித்தவுடன் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒரு வெற்றுத் தளம்தான். பார்வையாளருக்கு ஒலிவேரோ என்ற எளிய தீம் (தோற்ற வடிவமைப்பு), நிர்வாகிக்குக் கிளாரோ என்ற தீம், ‘கட்டுரை’, ‘அடிப்படைப் பக்கம்’ என இரண்டு உள்ளடக்க வகைகள், ஒரு தேடல் பெட்டி, சில மெனுக்கள். வழக்கமான நிறுவல் தருவது இவ்வளவே. பளிச்சென்ற முகப்பை எதிர்பார்த்து வருகிறவர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடக்கூடும். அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. இந்த மதிப்புரை அந்த முகப்பை விட்டுவிட்டு, பக்கங்களை உண்டாக்குவதற்கு ட்ரூபல் தரும் அடிப்படை உறுப்புகளையும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தையும் எடுத்துக்கொள்கிறது. வேறு உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளை விட்டு இதைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்குக் காரணம் இருக்குமானால், அது அங்கேதான் இருக்கிறது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட், நண்பர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக எழுதிய நிரல் வளர்ந்து, 2001 ஜனவரியில் ட்ரூபல் என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்டு, ஜிபிஎல் உரிமத்தின் கீழ் விலையில்லாமல் கிடைக்கிறது. இங்கே சொல்லப்படுபவை 2022 டிசம்பரில் வந்த 10ஆம் பதிப்புக்கும் 2024 ஆகஸ்டில் வந்த 11ஆம் பதிப்புக்கும் பொருந்துபவை. பழைய 7ஆம் பதிப்பில் பழகியவர்களுக்கு உறுப்புகளின் பெயர்கள் தெரிந்தவையாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது வேறு. 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பு, சிம்ஃபொனி என்ற பிஎச்பி கட்டமைப்பின் பகுதிகளை அடித்தளமாகக் கொண்டு பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்டது.

ட்ரூபலில் எழுதி வெளியிடும் ஒவ்வொரு பதிவும் ஒரு நோடு. ஒவ்வொரு நோடுக்கும் ஓர் எண், தலைப்பு, ஆசிரியர், தேதி, வெளியாகிவிட்டதா வரைவாக இருக்கிறதா என்ற நிலை ஆகியவை உண்டு; விரும்பினால் ஒவ்வொரு திருத்தத்தின் பழைய வடிவத்தையும் சேமித்து வைத்துப் பின்னுக்குத் திரும்பலாம். எந்த நோடும் ஏதாவது ஓர் உள்ளடக்க வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஓர் அருங்காட்சியகத்தின் தளத்தை எடுத்துக்கொள்வோம்: காட்சிப்பொருள், காட்சிக்கூடம், கண்காட்சி, செய்தி என நான்கு உள்ளடக்க வகைகள் அதற்குத் தேவைப்படலாம். இவை நான்கையும் ‘பக்கம்’ என்ற ஒரே வகையில் திணித்து, வேறுபாட்டைத் தலைப்பில் மட்டும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதென்றால் ட்ரூபலே தேவையில்லை. நோடு மட்டுமல்லாமல் பயனர், வகைப்பாட்டுச் சொல், படம், கருத்துரை ஆகிய எல்லாமும் என்டிட்டி என்ற ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருப்பதால், நோடில் கற்றுக்கொண்டதை மற்றவற்றிலும் அப்படியே செய்ய முடிகிறது. பயனர் கணக்கில் ஒரு படப் புலத்தை, அதாவது படத்தை உள்ளிடும் தனி இடத்தை, சேர்ப்பதும் காட்சிப்பொருளில் ஒரு படப் புலத்தைச் சேர்ப்பதும் ஒரே வேலைதான். இந்த ஒழுங்கு பழகப் பழகத்தான் அருமை தெரியும்.

உள்ளடக்க வகையின் உயிர் அதன் புலங்களில் இருக்கிறது. காட்சிப்பொருள் என்ற வகையில் பெயர், செய்பொருள், கிடைத்த இடம், உயரம், அகலம், புகைப்படம், எந்தக் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பன தனித்தனிப் புலங்களாக அமையும். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வகை உண்டு: முழு எண், தசம எண், தேதி, சிறு உரை, நீண்ட உரை, இணைப்பு, படம், இன்னொரு என்டிட்டியைச் சுட்டும் குறிப்பு, இப்படிப் பல. ஒரு புலத்தில் ஒரே மதிப்பு இருக்கலாமா, மூன்று இருக்கலாமா, எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாமா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற மற்றோர் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் கூடுதல் புலங்களின் மதிப்புகள் எல்லாம் ஒரே அட்டவணையில் பெயரும் உரையுமாகச் சேமிக்கப்படுகின்றன. எண்ணும் அங்கே எழுத்தாகவே கிடக்கும். ட்ரூபலோ இப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு புலத்துக்கும் தரவுத்தளத்தில் தனி அட்டவணை உண்டாக்கி, எண்ணை எண்ணாகவும் தேதியைத் தேதிக்கு உரிய வடிவிலும் வைக்கிறது. ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள சிலைகளை மட்டும் எடுத்துக் காட்டு என்று கேட்கும்போது இந்த வேறுபாட்டின் பயன் புரியும்.

அதே காரணத்தால் இங்கே அவசரப்படுவதற்குத் தண்டனையும் உண்டு. ஒரு புலத்தில் தரவு ஏறிவிட்ட பிறகு அதன் வகையை நிர்வாகப் பக்கத்தில் மாற்ற முடியாது. காட்சிப்பொருளின் காலத்தைச் சாதாரண உரைப் புலமாக வைத்தார்கள் என்று கொள்வோம். ஒருவர் ‘11ஆம் நூற்றாண்டு’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘பதினோராம் நூ.’ என்பார், மூன்றாமவர் ‘கி.பி. 1010 அளவில்’ என்பார். கண்ணால் படிக்கிறவருக்கு மூன்றும் புரியும். காலவரிசைப்படி அடுக்கச் சொன்னால் தளம் அகர வரிசையில் அடுக்கி நிற்கும். தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என இரண்டு முழு எண் புலங்களை வைத்து, கி.மு. ஆண்டுகளைக் கழித்தல் குறியோடு எழுதியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. பிறகு திருத்த வேண்டுமானால் புதிய புலத்தை உண்டாக்கி, பழைய மதிப்புகளை நிரல் எழுதி மாற்றி, பழையதை நீக்க வேண்டும். புலத்தின் உள்பெயரையும் ஒருமுறை வைத்த பிறகு மாற்ற வழியில்லை. ட்ரூபலின் மேல் எனக்குள்ள மரியாதையும் மனத்தாங்கலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: தரவின் வடிவத்தை இவ்வளவு கண்டிப்பாகக் காக்கும் அமைப்பு, அந்த வடிவத்தைத் தீர்மானிக்கும் நேரத்தில் புதியவருக்கு ஏறத்தாழ எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

செய்பொருளை உரைப் புலமாக வைக்காமல் வகைப்பாடாக வைப்பது சரியான வழி. டாக்ஸானமி எனப்படும் இந்த உறுப்பில் முதலில் ஒரு சொற்றொகுதியை உண்டாக்கி, அதற்குள் சொற்களைச் சேர்க்கிறோம். சொற்களுக்குள் தாய், சேய் உறவும் இருக்கலாம். உலோகம் என்ற சொல்லின் கீழ் வெண்கலம், செம்பு, இரும்பு என வைத்துவிட்டால், உலோகப் பொருள்களைக் கேட்பவருக்கு வெண்கலப் பொருள்களையும் சேர்த்துத் தரும்படி அமைக்க முடியும். சொல்லும் ஓர் என்டிட்டிதான் என்பதால் அதற்கே புலங்கள் சேர்க்கலாம். வெண்கலம் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கமும் படமும் தந்தால் அது தனிப் பக்கமாகவே நின்றுவிடும். எதைச் சொல்லாக வைப்பது, எதை நோடாக வைப்பது என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். காட்சிக்கூடம் சொல்லாகவும் இருக்கலாம், நோடாகவும் இருக்கலாம். அதற்கென்று ஆசிரியரும், வரைவு நிலையும், தனிப்பட்ட அறிமுகக் கட்டுரையும் வேண்டுமானால் நோடு. பிறவற்றைப் பிரித்துக் காட்ட மட்டும் பயன்படுமானால் சொல் என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

தரவு இப்படி அமைந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியும் விதம் முற்றிலும் தனியான ஏற்பாடு. ஒரே காட்சிப்பொருள் முழுப் பக்கமாகத் திறக்கும்போது எல்லாப் புலங்களோடும், பட்டியலில் வரும்போது சிறு படமும் பெயரும் மட்டுமாகவும் தோன்றலாம். இவற்றைக் காட்சி முறைகள் என்கிறார்கள். எந்த முறையில் எந்தப் புலம் வரும், எந்த வரிசையில் வரும், படம் எந்த அளவுக்குச் சுருங்கும் என்பதைச் சுட்டியால் இழுத்தே முடிவு செய்யலாம். தரவை உள்ளிடும் படிவமும் இதே முறையில் அமைகிறது. உள்ளடக்கம் ஒரு பக்கம், தோற்றம் ஒரு பக்கம் என்று எல்லா அமைப்புகளும் சொல்லிக்கொள்வதுண்டு. ட்ரூபல் அதை நடைமுறையில் கடைப்பிடிக்கிறது.

எல்லா உறுப்புகளிலும் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் வியூஸ் என்பேன். தரவுத்தளத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை நிரல் எழுதாமல் படிவத்தில் நிரப்பி உருவாக்கும் கருவி இது. முன்பு தனி மாட்யூலாக (கூடுதல் வசதி தரும் நிரல் தொகுப்பாக) இருந்து, 8ஆம் பதிப்பு முதல் மையத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது. எந்த வகைப் பதிவுகள் வேண்டும், எவற்றை வடிகட்ட வேண்டும், எப்படி வரிசைப்படுத்த வேண்டும், ஒரு பக்கத்துக்கு எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னால், பட்டியலோ அட்டவணையோ கட்டங்களோ உருவாகி, கீழேயே முன்னோட்டமும் தெரிகிறது. விரும்பினால் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) வாக்கியத்தையும் அங்கேயே காட்டச் சொல்லலாம். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் அந்த அமைப்பைக் கட்டாயம் இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வடிப்பான்களைப் பார்வையாளரிடமே திறந்துவிட்டால், செய்பொருளையும் காலத்தையும் தேர்ந்தெடுத்துத் தேடும் பக்கம் அந்த அருங்காட்சியகத்துக்குக் கிடைத்துவிடும்.

இதனினும் நுட்பமானது சூழல் வடிப்பான். ஒரு காட்சிப்பொருளின் பக்கத்தில் ‘இதே காட்சிக்கூடத்தில் உள்ள பிற பொருள்கள்’ என்று ஒரு பட்டியல் வேண்டுமென்றால், இப்போது திறந்திருக்கும் நோடு எது என்பதைப் பக்கத்தின் முகவரியிலிருந்தே எடுத்துக்கொண்டு, அதன் காட்சிக்கூடத்தோடு ஒப்பிட்டு, அந்த நோடைத் தவிர மற்றவற்றைக் காட்டும்படி வியூஸை அமைக்க முடியும். ஒரு பட்டியலை ஒருமுறை அமைத்தால் ஆயிரம் பக்கங்களிலும் அது தனக்குரிய விடையைக் காட்டும். நிர்வாகப் பகுதியில் உள்ள உள்ளடக்கப் பட்டியலே ஒரு வியூதான் என்பதால், பதிப்பாசிரியர்களின் தேவைக்கு ஏற்ப அதையும் திருத்தி அமைத்துக்கொள்ளலாம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. குறைகளும் உண்டு. வியூஸின் திருத்தப் பக்கம் முதல் பார்வைக்கு மிரட்டும் நெரிசலோடு இருக்கிறது. ஒன்றோடொன்று உறவு கோத்து நாலைந்து என்டிட்டிகளைத் தாண்டிப் போகும் பட்டியல்கள் தளத்தை மெதுவாக்கிவிடும். ‘வெளியிடப்பட்டவை மட்டும்’ என்ற வடிப்பானைத் தெரியாமல் நீக்கிவிட்டால், வரைவுகளின் தலைப்புகள் பொதுப் பட்டியலில் வந்து நிற்கக்கூடும்.

பிளாக் என்ற உறுப்பு பக்கத்தின் ஓர் இடத்தில் வைக்கப்படும் துண்டு. மெனு, தேடல் பெட்டி, தள முத்திரை, வியூஸ் தந்த ஒரு பட்டியல், நாமே எழுதிய அறிவிப்பு என எதுவும் பிளாக்காக இருக்கலாம். தீம் தனக்குள் தலைப்பகுதி, பக்கப்பட்டை, அடிப்பகுதி என்று சில இடங்களை அறிவித்திருக்கும். எந்த பிளாக் எந்த இடத்தில் வரும் என்பதை நாம் சொல்கிறோம். எந்த முகவரிகளில், எந்த உள்ளடக்க வகைகளில், எந்தப் பயனர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம். இதுவரை எல்லாம் தெளிவு. ஆனால் 2019இல் வந்த 8.7ஆம் பதிப்பில் லேஅவுட் பில்டர் நிலைபெற்றது. அது உள்ளடக்கத்தின் நடுவிலேயே பிளாக்குகளை அடுக்க விடுகிறது. வெளியார் எழுதிய பாராகிராஃப்ஸ் என்ற மாட்யூலும் வேறு முறையில் அதே வேலையைச் செய்கிறது. ஆக, ஒரு பக்கத்தை அடுக்குவதற்கு மூன்று வழிகள் அருகருகே கிடக்கின்றன. எது எப்போது பொருந்தும் என்று அமைப்பு வழிகாட்டுவதில்லை. மூன்றையும் கலந்து கட்டப்பட்ட தளத்தில் ஓர் அறிவிப்பைத் திருத்த வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே நேரம் போய்விடும். தளம் முழுவதற்கும் பொதுவானவற்றுக்குப் பிளாக்கும், உள்ளடக்கத்தின் நடுப்பகுதிக்கு மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் என்றும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வதே பிழைக்கும் வழி.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பயனர்களுக்குப் பொறுப்புகளும் பொறுப்புகளுக்கு அனுமதிகளும் தரப்படுகின்றன. ஒவ்வொரு உள்ளடக்க வகைக்கும் உருவாக்குவது, தன்னுடையதைத் திருத்துவது, பிறருடையதைத் திருத்துவது, நீக்குவது எனத் தனித்தனி அனுமதிகள் இருப்பதால், பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு இது மிகவும் ஏற்றது. அனுமதிப் பக்கம் தேர்வுக் கட்டங்களின் கடலாக நீளுவதுதான் சலிப்பூட்டும். உரை வடிவம் என்ற இன்னோர் ஏற்பாடு, யார் எந்த எச்டிஎம்எல் குறிகளைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கிறது. எழுதியதை எழுதியபடியே சேமித்து, காட்டும்போது மட்டும் வடிகட்டுவது ட்ரூபலின் வழக்கம்; பிற்பாடு விதி மாறினாலும் மூல எழுத்து சிதையாமல் இருக்கும்.

இதுவரை சொன்ன உறுப்புகளில் உள்ளடக்க வகை, புலத்தின் வரையறை, வியூஸ், பிளாக் வைக்கப்பட்ட இடம், அனுமதி ஆகியவை எல்லாம் அமைவடிவம் என்ற ஒரு பிரிவில் சேர்கின்றன. நோடுகளும் சொற்களும் நாம் எழுதிய பிளாக்கின் வாசகமும் உள்ளடக்கம் என்ற மறுபிரிவில் சேர்கின்றன. அமைவடிவம் முழுவதையும் யாமல் என்ற வடிவில் உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, சோதனைத் தளத்திலிருந்து உண்மைத் தளத்துக்குக் கொண்டுசெல்ல முடியும். அந்தக் கோப்புகளைக் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியின் களஞ்சியத்தில் வைக்கும்போது, யார் எப்போது எந்தப் புலத்தைச் சேர்த்தார் என்பது வரிவரியாகப் பதிவாகிவிடுவதால், குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதன் மதிப்பு மிகப் பெரிது. ஆயினும் இரண்டு பிரிவுகளின் எல்லையில் ஒரு பள்ளம் இருக்கிறது. சோதனைத் தளத்தில் ஓர் அறிவிப்பு பிளாக்கை எழுதிப் பக்கப்பட்டையில் வைத்து, அமைவடிவத்தை உண்மைத் தளத்துக்கு அனுப்பினால், இடம் போய்ச் சேரும், வாசகம் போய்ச் சேராது. பிளாக் பழுதடைந்துள்ளது அல்லது காணவில்லை என்ற செய்திதான் அங்கே கிடைக்கும். அமைப்பின் தர்க்கப்படி இது சரிதான். புதியவருக்கு அந்தத் தர்க்கம் தெரியாது என்பதுதான் சிக்கல்.

மையத் தொகுப்பில் இல்லாதவற்றை மாட்யூல்கள் தருகின்றன. தலைப்பிலிருந்து பக்க முகவரியை உண்டாக்கும் பாத்ஆட்டோ, படிவங்களுக்கான வெப்ஃபார்ம், தேடுபொறிக் குறிப்புகளுக்கான மெட்டாடேக் ஆகிய மூன்றும் பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படுபவை. ஒரு மாட்யூல் மற்றொன்றின் கோப்பைத் தொடாமலே அதன் நடத்தையை மாற்றுவதற்கு ஹூக் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு படிவம் உருவாகும் தருணத்தில் அதை இடைமறித்து ஒரு புலத்தை ஒளிப்பதோ சேர்ப்பதோ இதனால் முடிகிறது. மையக் கோப்புகளில் கை வைக்காதே என்ற கட்டளையை ட்ரூபல் நிரலாளர்கள் ஏறக்குறைய மத நம்பிக்கை போலக் காப்பதற்கு இதுவே காரணம். பன்மொழி வசதிக்கு மையத் தொகுப்பிலேயே நான்கு மாட்யூல்கள் இருக்கின்றன. இடைமுகம், உள்ளடக்கம், அமைவடிவம் மூன்றையும் தனித்தனியே மொழிபெயர்க்கலாம், எந்தப் புலம் மொழிக்கு மொழி மாறும், எது மாறாது என்பதையும் குறிக்கலாம். காட்சிப்பொருளின் உயரம் எல்லா மொழிகளிலும் ஒன்றுதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். விலை கொடுத்து வாங்கும் அமைப்புகளிலும் இந்த நேர்த்தி எளிதில் காணக் கிடைக்காது.

பராமரிப்புக்கு வருவோம். மாட்யூல்களைச் சேர்ப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் கம்போசர் என்ற கருவியைக் கட்டளை வரியில் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் வேறொருவரை நம்பித்தான் இருக்க வேண்டும். புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 2014 அக்டோபர் 15 அன்று 7ஆம் பதிப்பின் கடுமையான எஸ்க்யூஎல் பாதுகாப்பு ஓட்டை ஒன்றுக்கான திருத்தம் வெளியானபோது, ஏழு மணி நேரத்துக்குள் அதை இடாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பிறகு அறிவித்தது. 2018 மார்ச்சிலும் அதே அளவு கடுமையான இன்னொன்று வந்தது. குழு தன் குறைகளை மறைக்காமல் அறிவிக்கிறது என்பது பாராட்டத்தக்கது. அறிவிப்பைப் பார்த்தவுடன் செயல்பட ஆள் இல்லாத நிறுவனத்துக்கு அந்தப் பாராட்டால் பயனில்லை. பதிப்பு மாற்றத்தைப் பொறுத்தவரை, 7இலிருந்து 8க்குப் போனவர்கள் புதிய தளம் கட்டி அதற்குள் பழைய தரவைக் குடியேற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுமைக்கு அஞ்சிப் பலர் நகராமல் இருந்ததால், 7ஆம் பதிப்புக்கான ஆதரவை 2025 ஜனவரி 5 வரை நீட்டித்து வந்தார்கள். 8க்குப் பிந்திய பதிப்பு மாற்றங்கள் அவ்வளவு கடினமானவை அல்ல. காலாவதியான நிரல்வரிகளை முன்கூட்டியே களைந்துவிட்டால் வழக்கமான புதுப்பிப்பைப் போலவே நடந்துவிடுகின்றன.

சில பக்கங்களும் ஒரு செய்திப் பகுதியும் மட்டுமே வேண்டுமென்பவருக்கு ட்ரூபலைப் பரிந்துரைக்க மாட்டேன். உரிமத்துக்குச் செலவில்லை என்றாலும் ஆளுக்கும் நேரத்துக்கும் ஆகும் செலவு அங்கே நியாயப்படாது. பல வகை உள்ளடக்கம், அவற்றுக்கிடையே உறவுகள், பல எழுத்தாளர்கள், பல மொழிகள் என்று விரியும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான திறந்த மூல அமைப்பு என் அறிவில் வேறில்லை. வெற்றுத் தளம் என்ற குறையைப் போக்குவதற்காக, 2025 ஜனவரி 15 அன்று ட்ரூபல் சிஎம்எஸ் என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார்கள். அதே மையத்தின் மேல், செய்தி, நிகழ்ச்சி போன்ற வகைகளை அவற்றின் புலங்களோடும் பட்டியல்களோடும் ரெசிபி என்ற முறையில் ஆயத்தமாகத் தருகிறது. மாட்யூல்களைக் கட்டளை வரி இல்லாமல் உலாவியிலேயே தேடிச் சேர்க்கவும் வழி செய்கிறது. ரெசிபியை ஒருமுறை இட்டுவிட்டால் அது விலகிக்கொள்ளும். அது உண்டாக்கிய வகைகளும் புலங்களும் நம் சொந்த அமைவடிவமாகிவிடும், அந்த ரெசிபி பிற்பாடு மேம்பட்டாலும் அந்த மாற்றம் நம் தளத்துக்குத் தானாக வந்து சேராது. அதனால் இந்தத் தொகுப்போடு தொடங்குகிறவர்கள், முதல் பதிவை ஏற்றுவதற்கு முன் அந்தப் புலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் வகையும் மதிப்பு எண்ணிக்கையும் தங்கள் தேவைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அந்த வேலையை எந்த ரெசிபியும் அவர்களுக்காகச் செய்து தராது.